மனைக்கு மேலே மின்கம்பி: ஆணை எங்கே என்று கேட்பது எப்படி

அனுமதி கேட்காமல் வீட்டு மனையின் குறுக்கே மின்கம்பி இழுத்துவிட்டால் அது அத்துமீறலா? பதில் கம்பியைப் பொறுத்தது. தெருக்கம்பத்திலிருந்து உங்கள் மனையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போகும் கம்பியும், இரும்புக் கோபுரங்களில் போகும் 110 கே.வி. (கிலோவோல்ட்) பாதையும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. முதல் வகைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், நீங்கள் மறுத்தால் மாவட்ட ஆட்சியரின் எழுத்துமூல ஆணை வேண்டும். இரண்டுமே இல்லை என்றால் அது அத்துமீறல்தான். இரண்டாம் வகையில், 1885 ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் மின் நிறுவனத்துக்கு முறையாகத் தரப்பட்டிருந்தால் சம்மதமே தேவையில்லை. அங்கே உங்கள் கையில் இருப்பது இழப்பீட்டு உரிமையும், பாதையை நகர்த்தக் கேட்கும் உரிமையும்.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எடுத்த எடுப்பிலேயே "கம்பியை அகற்று" என்று வழக்குப் போடுவதால்தான் நல்ல வழக்குகள்கூடத் தோற்கின்றன. முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்தச் சட்டத்தின் கீழ் என் மனைக்குள் வந்தீர்கள், ஆணை எங்கே? கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியது.

கம்பியை அடையாளம் காணுங்கள்

கீழே நின்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். சிறிய பீங்கான்களில் நான்கைந்து கம்பிகள் போனால் அது எல்.டி. லைன், அதாவது வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தப் பாதை. கம்பத்தின் உச்சியில் மூன்றே கம்பிகள், ஒவ்வொன்றும் குத்தாக நிற்கும் ஒரு பெரிய பீங்கானிலோ, இழுத்துக் கட்டிய இடத்தில் ஒற்றைப் பீங்கான் தட்டிலோ இருந்தால் அது பெரும்பாலும் 11 கே.வி. மூன்று தட்டு கோத்திருந்தால் 33 கே.வி. இரும்புக் கோபுரத்தில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட தட்டுகள் மாலைபோலத் தொங்கினால் 110 கே.வி. அல்லது அதற்கு மேல். மண்டையோடு வரைந்த அபாயப் பலகையில் வோல்ட் அளவு எழுதியிருக்கும். கம்பத்தில் பெயின்டில் எழுதிய டிரான்ஸ்பார்மர் பெயரையும் கம்ப எண்ணையும், கோபுரமென்றால் அதன் இட எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதும் ஒவ்வொரு மனுவிலும் அந்த எண் வர வேண்டும். "என் வீட்டுப் பக்கத்துக் கம்பம்" என்று எழுதிய மனு, பிரிவு அலுவலகத்தில் எந்தக் கம்பத்துக்கும் பொருந்தாமல் கிடக்கும்.

கம்பி யாருடையது என்பதும் முக்கியம். பழைய மின்வாரியம் 2010 இல் பிரிந்து, விநியோகம் டான்ஜெட்கோவிடமும் உயரழுத்தக் கடத்தல் டான்டிரான்ஸ்கோவிடமும் போனது. டான்ஜெட்கோவும் 2024 இல் பிரிக்கப்பட்டது. இப்போது விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் கையில். மாநிலங்களுக்கு இடையே போகும் 400, 765 கே.வி. பாதை என்றால் மத்திய அரசு நிறுவனமான பவர்கிரிட்டோ வேறொரு கடத்தல் நிறுவனமோ இருக்கலாம். தவறான நிறுவனத்தைப் பிரதிவாதியாகச் சேர்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து மனுவைத் திருத்துவது வீண் அலைச்சல்.

கம்பம் உண்மையிலேயே உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா

வேலி இருக்கும் இடம் எல்லை ஆகாது. நில அளவை வரைபடமான எஃப்.எம்.பி.யை எடுத்து, தாலுகா சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நடச் சொல்லுங்கள். அளந்து பார்த்தால் கம்பம் தெருவில் நிற்பதும், வேலிதான் தெருவுக்குள் வந்திருப்பதும் தெரியவரலாம். அது மின்வாரிய வழக்கறிஞர் வாயிலிருந்து கோர்ட்டில் வெளிவருவதைவிட முன்பே உங்களுக்குத் தெரிவது நல்லது. மனைப்பிரிவில் உள்ளாட்சிக்கு ஒப்படைத்த சாலைக்கு மேல் போகும் கம்பியைப் பற்றியும் மனை உரிமையாளராக நீங்கள் கேட்க முடியாது.

கையில் இருக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், உங்கள் பெயருக்கு மாறிய பட்டா, உட்பிரிவோடு கூடிய எஃப்.எம்.பி., வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி நகல், வீட்டு வரி ரசீது. பட்டா இன்னும் விற்றவர் பெயரில் இருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள். "இவர் யார்?" என்ற கேள்வியிலேயே மனு நின்றுவிடக் கூடாது.

சட்டம் சொல்வது என்ன

மின்சாரச் சட்டம் 2003 இன் 67ஆம் பிரிவு உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு வேலை செய்யும் அதிகாரம் தருகிறது. கூடவே, இயன்றவரை குறைந்த சேதம் செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கும் இடையூறுக்கும் முழு இழப்பீடு தர வேண்டும் என்று கட்டுகிறது. தொகையில் தகராறு என்றால் முடிவு சொல்வது மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

தனியார் நிலத்தில் எப்படி நுழைவது என்பதை 2006 ஆம் ஆண்டின் உரிமதாரர் பணிகள் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஏற்கெனவே சட்டப்படி பாதை போடப்படாத நிலத்தில் புதிதாகப் போட உரிமையாளர் அல்லது அனுபவிப்பவரின் முன் சம்மதம் வேண்டும். அவர் ஆட்சேபித்தால் மாவட்ட நிர்வாக நடுவரிடமோ காவல் ஆணையரிடமோ அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தமிழ்நாட்டு மாவட்டங்களில் அந்த நடுவர் ஆட்சியர்தான். ஆணை போடும்போதே இழப்பீடு அல்லது ஆண்டு வாடகை, அல்லது இரண்டையும் அவர் நிர்ணயிக்க வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொரு வரியும் அதே விதியில் உண்டு: வேலை முடிந்த பிறகும், உரிமையாளர் தக்க காரணம் காட்டினால் கம்பத்தையோ, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியையோ அகற்றவோ மாற்றவோ அதே அதிகாரி ஆணையிடலாம்.

"அது மத்திய அரசு விதி, எங்களுக்குப் பொருந்தாது" என்று பதில் வந்தால் தயங்க வேண்டாம். 67ஆம் பிரிவின் கீழ் விதிகள் வரும்வரை 1910 ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின் 12 முதல் 18 வரையான பிரிவுகள் தொடரும் என்று 2003 சட்டத்தின் 185ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பழைய 12ஆம் பிரிவும் சம்மதத்தைத்தான் கேட்கிறது, மறுத்தால் நடுவரின் எழுத்து ஆணையைத்தான் கேட்கிறது. எந்தக் கதவால் போனாலும் ஆணை இல்லாமல் உள்ளே வர வழியில்லை.

இதற்கு விலக்கு 164ஆம் பிரிவு. இந்தப் பிரிவின் கீழ் அரசு எழுத்தில் ஆணையிட்டு, 1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தித் துறைக்குக் கொடுத்திருந்த அதிகாரங்களை மின் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் முன் சம்மதம் தேவையில்லை என்பதை உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் பவர்கிரிட் வழக்கொன்றில் உறுதிசெய்தது. 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டதே, தந்திச் சட்டம் போயிற்றே என்று வாதாடிப் பயனில்லை. 164ஆம் பிரிவின்படி போடும் கடத்தல் பாதைகளுக்குத் தந்திச் சட்டத்தின் மூன்றாம் பாகம் தொடரும் என்று புதிய சட்டமே காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆனால் தந்திச் சட்டத்திலும் உரிமையாளருக்கு நான்கு பிடிகள் உண்டு. பிரிவு 10: நிலம் உங்களுடையதாகவே இருக்கும், அவர்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். சேதம் குறைவாக இருக்க வேண்டும், முழு இழப்பீடு தர வேண்டும். பிரிவு 16(1): நீங்கள் தடுத்தால், அவர்கள் மாவட்ட நடுவரிடம் போய் ஆணை வாங்க வேண்டும். பிரிவு 16(3): இழப்பீடு போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு. பிரிவு 17: பின்னாளில் நீங்கள் அந்த நிலத்தில் கட்டடம் கட்டவோ வேறு வகையில் பயன்படுத்தவோ விரும்பினால் பாதையை நகர்த்தக் கேட்கலாம். கடைசி இரண்டையும் கீழே விரிவாகப் பார்ப்போம்.

குழி தோண்டும் நாளில்

கம்பியில் மின்சாரம் பாய்ந்த பிறகு எந்த நீதிமன்றமும் அதை இறக்கச் சொல்லத் தயங்கும். ஒரு ஊருக்கே விளக்கு அணையும் என்பார்கள். ஆகவே ஆட்சேபம் குழி தோண்டும் நாளிலேயே எழுத்தில் போக வேண்டும். வாயால் சண்டை போட்டதற்குச் சாட்சி கிடையாது.

பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கும் கோட்டச் செயற்பொறியாளருக்கும் அன்றே கொடுங்கள். ஆட்சியருக்கு நகல். நேரில் கொடுத்தால் இரண்டாம் படியில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவு வசதியும் பட்டுவாடாச் சான்றும் சேர்த்த விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்). வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"… கிராமம், சர்வே எண் … இல் உள்ள என் வீட்டு மனையில் … தேதி காலை … மணிக்கு மின்கம்பம் நடக் குழி தோண்டப்பட்டுள்ளது. இதற்கு நான் சம்மதம் தரவில்லை. என் ஆட்சேபத்தை இதன்மூலம் பதிவு செய்கிறேன். மாவட்ட ஆட்சியரின் எழுத்துமூல ஆணையோ, மின்சாரச் சட்டம் 2003 பிரிவு 164 இன்படியான அரசாணையோ இருப்பின் அதன் நகலை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இல்லாதபட்சத்தில் வேலையை நிறுத்தி, மனையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கோருகிறேன். தெருவின் வடபுறம் புறம்போக்கில் மாற்றுப் பாதை உள்ளது, வரைபடம் இணைப்பு."

அந்தக் கடைசி வரி அலங்காரத்துக்கு அல்ல. எஃப்.எம்.பி. நகலில் இப்போதைய பாதையைச் சிவப்பிலும் மாற்றுப் பாதையைப் பச்சையிலும் போட்டு, கம்பங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று எழுதிக் கொடுங்கள். "வேண்டாம்" என்பதை மட்டும் சொல்லும் மனுவை ஆட்சியர் தள்ளுவது எளிது. "இப்படிப் போகலாம், இரண்டு கம்பம்தான் கூடும்" என்பதைத் தள்ள அவர் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. வெற்றுத் தாளிலோ, "ஆட்சேபம் இல்லை" என்று அச்சடித்த படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஊரில் இல்லாதபோது வீட்டுப் பெரியவர்களிடம் வாங்கிவிட்டுப் போவதும் உண்டு. அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஆட்சியர் ஆணை வந்த பிறகு உடம்பால் மறிக்காதீர்கள். தந்திச் சட்டம் 16(2)இன்படி அது பழைய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவுக் குற்றம், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 223. கம்பியை, கம்பத்தை, ஸ்டேயைத் தொடவோ தளர்த்தவோ வெட்டவோ கூடாது. ஸ்டே கம்பியை ஒரு சுற்றுத் தளர்த்தினாலும் கம்பம் சாய்ந்து மேலே இருக்கும் கம்பி தாழும். உயிர் போகும், வழக்கும் உங்கள் மேல் திரும்பும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எதைக் கேட்பது

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, செயற்பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் என் நிலத்தில் போட்டீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: இந்தக் கம்ப எண்களுக்கான மதிப்பீட்டு ஒப்புதல் ஆணை, பாதை வரைபடம், நில உரிமையாளர் சம்மதக் கடிதம், ஆட்சியர் ஆணை, மின்சாரச் சட்டம் 68ஆம் பிரிவின்படியான அரசின் முன் ஒப்புதல், 164ஆம் பிரிவு ஆணை, பாதைக்கு மின்சாரம் கொடுத்த தேதி. "அத்தகைய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். சம்மதமும் ஆணையும் இல்லை என்பதற்கு அவர்களே எழுதிக் கொடுத்த சான்று அது. அத்துமீறல் வழக்கின் முதுகெலும்பு.

மின்சாரம் கொடுத்த தேதியை ஏன் கேட்கிறோம்? காலவரையறைக்காக. நிலத்தில் அத்துமீறியதற்கு நஷ்டஈடு கேட்க 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 87ஆம் இனம் தருவது அத்துமீறிய நாளிலிருந்து 3 ஆண்டு. தந்திச் சட்டம் 16(3) மனுவுக்கும் 137ஆம் இனத்தின் 3 ஆண்டு பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் 1976 இல் கேரள மின்வாரிய வழக்கில் தீர்த்துவிட்டது. தொடர்ந்து நிற்கும் கம்பம் தொடரும் தீங்கு என்று காலவரையறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவைக் காட்டி வாதாடலாம். ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

இடைவெளி அளவுகள்: தனி ஆயுதம்

சம்மதம், ஆணை எல்லாம் சரியாக இருந்தாலும் பாதுகாப்பு இடைவெளி இல்லாவிட்டால் அந்தப் பாதை தவறுதான். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி கட்டடத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்து மேலே இருக்க வேண்டிய தூரம்: தாழ்வழுத்தக் கம்பிக்கு 2.5 மீட்டர், 11 மற்றும் 33 கே.வி.க்கு 3.7 மீட்டர். பக்கவாட்டில்: தாழ்வழுத்தம், 11 கே.வி. இரண்டுக்கும் 1.2 மீட்டர், 33 கே.வி.க்கு 2.0 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 33 கே.வி.க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 0.3 மீட்டர் கூட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 110 கே.வி.க்கு மேலே 4.6, பக்கத்தில் 2.9 மீட்டர், 230 கே.வி.க்கு 5.5, 3.8.

இந்த மேல் தூரத்தை அளக்க வேண்டியது கம்பி மிக அதிகம் தொய்ந்த நிலையில், பக்கத் தூரத்தை காற்றில் மிக அதிகம் ஆடிய நிலையில். காலை ஆறு மணிக்கு மாடியில் நின்று பார்த்தால் உயரமாகத் தெரியும் அதே கம்பி, சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு, எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது, சூடேறித் தாழ்ந்து நிற்கும். கம்பத்தின் அருகில் அல்ல, இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான் தொய்வு அதிகம். அங்கே உங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ வந்தால் அதுவே மிக உயர்ந்த இடம். டேப், கம்பு, தொரட்டி எதையும் நீட்டாதீர்கள். டோட்டல் ஸ்டேஷன் (தொடாமலே தூரமும் உயரமும் அளக்கும் கருவி) வைத்திருக்கும் சர்வேயர் தரையிலிருந்தே அளந்து, நேரம் குறித்துச் சான்று தருவார். அதோடு மின் ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். இடைவெளி மீறலைப் பார்த்து உத்தரவிடுவது அவர் வேலை.

இதே அளவு உங்களுக்கு எதிராகவும் திரும்பும். கம்பி முதலில் வந்து, வீட்டை அதன் கீழே நீங்கள் பிறகு கட்டியிருந்தால் மீறியவர் நீங்கள்தான். மின்சாரச் சட்டம் 68(5)இன்படி நிர்வாக நடுவர் உங்கள் கட்டுமானத்தையே அகற்றச் சொல்லலாம். அதே பிரிவில், பாதை வருவதற்கு முன்பே நின்ற மரத்தை வெட்டினால் நடுவர் இழப்பீடு நிர்ணயிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே கட்டட அனுமதி தேதி, மின் இணைப்பு தேதி, தென்னையின் வயது எல்லாம் ஆவணத்தில் நிற்க வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது

ஆணை இல்லாத எல்.டி. அல்லது 11 கே.வி. பாதை: முதலில் ஆட்சியரிடம் அகற்றக் கோரும் மனு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் எண் விழும். மனுவின் தலைப்பிலேயே 2006 விதிகளின் 3ஆம் விதியைக் குறிப்பிடுங்கள். இல்லையேல் சாதாரண மனுவாக மின்வாரியத்துக்கே அனுப்பிவிடுவார்கள். பதிலே வராவிட்டால், மனுவை இத்தனை வாரத்தில் பைசல் செய்ய உத்தரவிடக் கோரி சென்னை உயர்நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்படி ரிட். ஆட்சியர் ஆணையில் குறை என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தில் சீராய்வு. இழப்பீட்டுத் தொகை மட்டுமே பிரச்சினை என்றால் அதே ஆணையத்தில் 67(4) மனு.

சிவில் வழக்கு எப்போது? சம்மதமும் ஆணையும் இல்லை என்பது எழுத்தில் இருந்து, கம்பி இன்னும் இழுக்கப்படாமலோ அண்மையில் இழுக்கப்பட்டோ இருந்தால். கேட்க வேண்டிய பரிகாரம் மூன்று: அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை, இனி நுழையாமல் தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளை (நீதிமன்றத் தடை உத்தரவு), மாற்றாக நஷ்டஈடு. நஷ்டஈட்டை மாற்றுக் கோரிக்கையாகச் சேர்க்க மறந்தால், அகற்ற மறுக்கும் நீதிபதியின் கையில் உங்களுக்குத் தர ஒன்றுமே இருக்காது. வழக்குப் போட்ட கையோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9இன்படி வழக்கறிஞர் ஆணையரை சர்வேயரோடு அனுப்பச் சொல்லி மனுப் போடுங்கள். கம்பம் எல்லைக்குள் எத்தனை அடியில் நிற்கிறது, கம்பி எந்த அறைக்கு மேல் போகிறது என்ற அவர் வரைபடம் பல சாட்சிகளுக்குச் சமம்.

இரண்டு குழிகளைக் கவனியுங்கள். ஆட்சியரையோ அரசையோ பிரதிவாதியாகச் சேர்த்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி 2 மாத முன்னறிவிப்பு வேண்டும். அவசரமென்றால் நீதிமன்ற அனுமதியோடுதான் விலக்கு. அடுத்தது 2018 திருத்தத்தில் வந்த குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 41(ஹெச்.ஏ) பிரிவு: அடிப்படைக் கட்டமைப்புத் திட்டத்தைத் தடுக்கும், தாமதப்படுத்தும் உறுத்துக்கட்டளை தரக் கூடாது என்கிறது அது. மின் உற்பத்தி, கடத்தல், விநியோகம் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே மனுவில் "வேலையை நிறுத்து" என்பதைவிட "என் மனையைத் தவிர்த்து, காட்டிய மாற்றுப் பாதையில் போ" என்று கேட்பது நிற்கும்.

164ஆம் பிரிவு அதிகாரத்தோடு வந்த கோபுரப் பாதை: அத்துமீறல் வழக்கை மறந்துவிடுங்கள். மாவட்ட நீதிபதியிடம் தந்திச் சட்டம் 16(3) மனு. அவர் தீர்ப்பு அந்தச் சட்டப்படி இறுதியானது, ஆகவே சான்றுகளை முதல் நாளே முழுமையாக வைக்க வேண்டும்.

இழப்பீட்டுக் கணக்கு

உச்சநீதிமன்றம் 2007 இல் இன்னொரு கேரள மின்வாரிய வழக்கில் பார்க்கச் சொன்னவை: நிலம் எங்கே இருக்கிறது, கம்பிகள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நீளத்துக்குப் போகின்றன, ஓரமாகவா நடுவிலா. வயலில் நடுவே போனாலும் உழலாம். வீட்டு மனையில் நடுவே போனால் மனையே போயிற்று. இந்த வேறுபாட்டை நீதிபதி தானாக உணர்வார் என்று விடாமல், மனைப்பிரிவு அனுமதியையும் கட்ட நினைத்த வீட்டின் வரைபடத்தையும் வையுங்கள்.

66 கே.வி.யும் அதற்கு மேலும் உள்ள கடத்தல் பாதைகளுக்கு மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. 2015 இல் கோபுர அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு, கம்பி போகும் காரிடாருக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு என்றிருந்தது. 2024 ஜூனில் அது 200, 30 என்று உயர்ந்தது. 2025 மார்ச்சில் காரிடாருக்கு மாநகராட்சி, பெருநகரப் பகுதிகளில் 60, நகராட்சி போன்ற நகர்ப்புறங்களில் 45, ஊரகத்தில் 30 என்று பிரித்தார்கள். மாநிலத்துக்குள் ஓடும் பாதைக்கு இது பொருந்த மாநில அரசு ஏற்க வேண்டும். ஏற்காவிட்டாலும், நியாயமான தொகை எது என்பதற்கு நீதிபதி முன் வைக்கத் தக்க அளவுகோல் இது.

காரிடார் அகலம் 110 கே.வி.க்கு 22 மீட்டர், 220க்கு 35, 400க்கு 46. ஒரு கணக்கு: 40க்கு 60 அடி மனை. 110 கே.வி. பாதை உங்கள் 60 அடிப் பக்கத்துக்கு இணையாக, எல்லைக்கு வெளியே 16 அடி தள்ளிப் போகிறது. கம்பி உங்கள் மண்ணுக்கு மேலேயே இல்லை. ஆனால் நடுக்கோட்டிலிருந்து 11 மீட்டர், அதாவது 36 அடி வரை காரிடார். உங்கள் மனையில் 20 அடி உள்ளே வந்துவிடுகிறது. 1,200 சதுர அடி, சரி பாதி. சதுர அடி 1,000 ரூபாய் என்று வைத்தால் ஊரகத்தில் 3,60,000, நகராட்சியில் 5,40,000, மாநகராட்சியில் 7,20,000 ரூபாய். "கம்பி உங்கள் இடத்தில் போகவில்லையே" என்று சொல்லி அனுப்பிவிடும் இடம் இதுதான். மீதி 20 அடி அகலத்தில் பக்க இடைவெளி விட்டால் வீடு நிற்காது. அந்த இழப்பைத் தனியாகக் கேளுங்கள்.

நில மதிப்புக்கு அரசு வழிகாட்டி மதிப்பு மட்டும் போதாது. பாதை அறிவிக்கும் முன் அதே தெருவில் நடந்த கிரயங்களின் சான்றிட்ட நகல்களை எடுங்கள். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும், அவரே வந்து சாட்சி சொல்ல வேண்டும். 11 கே.வி., எல்.டி. பாதைகளுக்கு விழுக்காடு அட்டவணை எதுவும் இல்லாததால் அங்கே அந்த அறிக்கைதான் எல்லாம். முதல் தவணைக் காசோலை வரும்போது "முழுத் திருப்தியுடன் பெற்றேன்" என்ற ரசீதில் கையெழுத்திடாமல், "ஆட்சேபத்துடன், உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று எழுதிப் போடுங்கள்.

பாதையை நகர்த்தல், செலவு யாருடையது

வழக்கு வென்றாலும் தோற்றாலும் பெரும்பாலான மனைக்காரர்களுக்குக் கடைசியில் வேண்டியது கம்பி தள்ளிப் போவதுதான். அதற்குப் பல சின்ன வழிகள் உண்டு: நடுவில் ஒரு இடைக்கம்பம் நட்டுத் தொய்வைக் குறைப்பது, உயரமான கம்பம், கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்மை ஒரே பக்கமாக நீட்டி கம்பிகளைத் தெருப்பக்கம் தள்ளுவது, வெற்றுக் கம்பிக்குப் பதில் உறையிட்ட ஏரியல் பன்ச் கேபிள், சிறு தூரம் நிலத்தடிக் கேபிள். விண்ணப்பத்தில் இவற்றில் எது என்று குறிப்பிட்டுக் கேட்டால் மதிப்பீடும் குறையும்.

சாதாரண விண்ணப்பமென்றால் முழுச் செலவும் கேட்பவர் தலையில். பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். டி.சி.டபிள்யூ. வேலை என்பார்கள். நீங்கள் வாங்கும் முன்பே நின்ற கம்பி என்றால் பெரும்பாலும் இதுதான் வழி. ஆகவே மனை வாங்கும்போதே விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். சம்மதமின்றி பிறகு நட்ட கம்பம் என்றால் செலவு அவர்களுடையது என்று வலியுறுத்துங்கள். அவசரத்துக்குப் பணம் கட்ட நேர்ந்தால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், திரும்பக் கோருவேன்" என்ற கடிதத்தோடு கட்டுங்கள்.

தந்திச் சட்டப் பாதைக்கு 17ஆம் பிரிவின் கணக்கு வேறு. முன்பு இழப்பீடு வாங்கியிருந்தால், நகர்த்தும் செலவு அல்லது வாங்கிய இழப்பீட்டில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைச் செலுத்தினால் போதும். இழப்பீடே வாங்காதவரை இந்த நிபந்தனை கட்டாது. மறுத்தால் மாவட்ட நடுவரிடம் போகலாம். ஆனால் உங்கள் சொத்தின் இன்னொரு பகுதிக்கோ, உயர்த்தியோ தாழ்த்தியோதான் மாற்றக் கேட்க முடியும். பக்கத்து மனைக்குத் தள்ளச் சொல்ல முடியாது.

வேலை முடியும் அன்று அங்கேயே இருங்கள். பழைய கம்பத்தை அடியோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் உடைத்துவிட்டுப் போவதும், ஸ்டே கம்பியின் நங்கூரக் கம்பியை மண்ணிலேயே விடுவதும் நடக்கும். அஸ்திவாரம் தோண்டும்போது அது மண்வெட்டியில் இடறும். குழியை மூடி மண் இறுக்கியபின், புதிய கம்ப எண்ணோடு படம் எடுத்து, பழைய பாதை அகற்றப்பட்டதை உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிப் பத்திரக் கட்டோடு சேர்த்து வையுங்கள்.